ஃபயர் டேம்பர்: மூடிப் பார்த்தால்தான் தெரியும்

[காட்சி: ஃபால்ஸ் சீலிங் பலகையை எடுத்ததும் மேலே டக்ட், அதாவது ஏசி காத்து போற தகரக் குழாய். அது சுவருக்குள்ள நுழையுற இடத்துல கேமரா நிக்குது.]

இந்தச் சுவர் 2 மணி நேரம் தீயைத் தாங்கணும்னு கட்டினது. ஆனா ஏசி டக்ட் போகணும்னு அதுலயே ஒரு ஓட்டை போட்டாச்சு. தீப்பிடிச்சா நெருப்பு அந்த ஓட்டை வழியா அடுத்த பக்கம் தாண்டாம அடைக்கிற கதவுதான் ஃபயர் டேம்பர்.

ஃபேன் கெட்டா சத்தம் வரும். பம்ப் கெட்டா ரூம் சூடாகி யாராவது போன் பண்ணுவாங்க. டேம்பர் கெட்டா ஒருத்தருக்கும் தெரியாது, ஏன்னா அது வருஷக்கணக்கா திறந்து கிடக்கிறதுதான் வழக்கம். அதனால வெளிய இருந்து பாத்து "நல்லா இருக்கு"ன்னு எழுதுறதுல அர்த்தமே இல்லை. மூடணும், மூடினதைக் கண்ணால பாக்கணும், திரும்பத் திறக்கணும்.

[காட்சி: மேஜை மேல ரெண்டு டேம்பர். ஒண்ணு மடிப்புப் பிளேடு, இன்னொண்ணு மோட்டார் வெச்சது.]

இடது பக்கம் இருக்கிறது கர்ட்டன் டைப். பிளேடுகளை மடிச்சு மேலே ஏத்தி, ஒரு ஃப்யூசிபிள் லிங்க்ல தொங்கவிட்டிருக்காங்க. லிங்க்குன்னா ரெண்டு மெல்லிய உலோகத் தகடு, நடுவுல சீக்கிரம் உருகுற பத்து, அதாவது சால்டர். 72 இல்லேன்னா 74 டிகிரி செல்சியஸ்ல பத்து உருகும், தகடு ரெண்டும் பிரியும், பிளேடு விழும். மாடித் தளத்தோட ஓட்டையில படுக்கை வாக்குல பொருத்தின டேம்பர்ல பிளேடு தானா விழாது. அதை இழுத்து மூட ஸ்பிரிங் இருக்கும்.

வலது பக்கம் மோட்டார் டேம்பர். கரண்ட் இருக்கிற வரைக்கும் ஆக்சுவேட்டர், அதாவது பிளேடைச் சுத்துற மோட்டார் பெட்டி, பிளேடைத் திறந்து வெச்சிருக்கும். கரண்ட் போனாலோ டக்டுக்குள்ள இருக்கிற வெப்ப உணரி சூட்டுல அறுந்தாலோ, உள்ள இருக்கிற ஸ்பிரிங் மூடிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? அமெரிக்காவோட என்எஃப்பிஏ 80 விதிப்படி பொருத்தி முடிச்சதும் ஒரு சோதனை, 1 வருஷம் கழிச்சு ஒண்ணு, அப்புறம் 4 வருஷத்துக்கு ஒண்ணு. மருத்துவமனைக்கு 6 வருஷம். பிரிட்டனோட பிஎஸ் 9999 வருஷத்துக்கு ஒரு தடவைங்குது. உங்க கட்டிடத்துக்கு எது செல்லுமோ அது. ஆனா பஞ்சுத் தூசி, ஈரம், உப்புக்காத்து இருக்கிற இடத்துல 4 வருஷம் விடுறது ரொம்ப அதிகம்.

[காட்சி: ஏஹெச்யூ (டக்டுக்குள்ள காத்தைத் தள்ளுற ஏசி யூனிட்) பேனல். சுவிட்சை அணைச்சுப் பூட்டுப் போடுற கை.]

முதல் வேலை, ஃபயர் பேனல் பாக்குறவங்களுக்குச் சொல்லிட்டு ஃபேனை நிறுத்திப் பூட்டுறது. ஃபேன் ஓடும்போது டேம்பர் படார்னு மூடினா, தள்ளுற பக்கம் டக்ட் உப்பும், இழுக்கிற பக்கம் நசுங்கும். டேம்பர் லேபிளையும் படிங்க. டைனமிக்னு இருந்தா ஓடுற காத்துலயும் மூடும்னு சோதிச்சது. ஸ்டாட்டிக்னு இருந்தா ஃபேன் நின்ன பிறகு மூடுறதுக்குச் செஞ்சது. அப்படின்னா அலாரம் அடிச்சதும் ஏஹெச்யூ தானா நிக்குதான்னு பாக்குறதும் இந்த வேலையில சேர்ந்ததுதான். இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க.

அடுத்து ஆக்சஸ் டோர், அதாவது டேம்பரைப் பாக்க டக்டுல வெச்ச சின்னக் கதவு. பாதி கட்டிடத்துல டோரே இருக்காது, இருந்தாலும் கை எட்டாத தூரத்துல இருக்கும். கையும் டார்ச்சும் சேர்ந்து நுழையலேன்னா அந்த டேம்பரைச் சோதிக்க முடியாதுன்னு எழுதுங்க, புது டோர் வெட்டச் சொல்லுங்க. "அணுக முடியவில்லை"ன்னு எழுதுறது தப்பில்லை. "சரி"ன்னு எழுதுறதுதான் தப்பு.

[காட்சி: டார்ச் வெளிச்சத்துல டேம்பர் உள்பக்கம். லிங்க் குளோசப்.]

எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. அப்புறம் லிங்க்கைப் பாருங்க. மேலே பெயின்ட் பட்டிருந்தா மாத்திடுங்க. அந்தப் பூச்சு சூடு ஏறுறதைத் தாமதப்படுத்தும், தகடையும் ஒட்ட வெச்சிடும். சில டேம்பர்ல லிங்க் இருக்க வேண்டிய இடத்துல கட்டுக்கம்பி இருக்கும், இல்லேன்னா கேபிள் டை இருக்கும். நைலான் டை உருகுறதுக்கே சுமார் 260 டிகிரி வேணும். கட்டுக்கம்பியைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

பிளேடு இறங்குற வழியில என்ன இருக்கு? டக்டை இணைக்க வெளிய இருந்து முறுக்கின ஸ்க்ரூவோட நுனி ஒண்ணு உள்ள நீட்டிக்கிட்டு இருந்தா போதும், பிளேடு அங்கேயே நின்னுடும். யாரோ இழுத்துவிட்ட கேபிள், ஓரப் பள்ளத்துல கெட்டியான தூசி, துரு, எல்லாத்தையும் பாருங்க. சுவருக்கும் ஸ்லீவுக்கும் (டேம்பரைச் சுத்தியிருக்கிற தகரக் கூடு) நடுவுல இருக்கிற இடைவெளி தயாரிப்பாளர் வரைபடத்துல எப்படிச் சொல்லியிருக்கோ அப்படித்தான் இருக்கணும். சில மாடல்ல கலவை பூசி அடைக்கச் சொல்வாங்க. சிலதுல சூட்டுல விரியுறதுக்காக இடம் விடச் சொல்வாங்க. அங்க கலவையை அடிச்சு நிரப்பினா ஃப்ரேம் வளைஞ்சு பிளேடு சிக்கும்.

[காட்சி: கயிறு கட்டின பிளேடு. லிங்க் கழட்டுறது மெதுவா.]

இப்போ விழவிடுற சோதனை. ஸ்பிரிங் வெச்ச பிளேடு விரலை நசுக்கிடும், அதனால முதல்ல மடிச்ச பிளேடுகளை மொத்தமா ஒரு உறுதியான கயித்துல தாங்கிக்கோங்க. லேசா மேலே தூக்கினா லிங்க் மேல இருக்கிற பாரம் போயிடும். கொக்கியைக் கழட்டுங்க. ரெண்டு கையும் டோருக்கு வெளிய வந்த பிறகுதான் கயித்தை விடணும்.

நல்ல டேம்பர் ஒரே அடியா "டப்"னு உக்காரும். ஸ்பிரிங் டைப்ல கடைசிப் பிளேடு ரெண்டு பக்கப் பூட்டுலயும் மாட்டியிருக்கணும். ஒரு பக்கம் இறங்கி இன்னொரு பக்கம் தொங்கினா, டேப் எடுத்து ஃப்ரேமோட ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. அளவு வேறேன்னா ஃப்ரேம் கோணிப்போச்சு. எவ்வளவு துடைச்சாலும் சரியாகாது. சமமா இருந்தா தூசியோ துருவோதான். துடைச்சிட்டு மறுபடி விடுங்க. கையால அழுத்தி மூட வெச்சா அது தோல்வின்னுதான் எழுதணும்.

எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். தூசியைப் பிடிச்சு அதுவே பசையாகிடும். தயாரிப்பாளர் அனுமதிச்சிருந்தா உலர் சிலிக்கான் ஸ்ப்ரே, இல்லேன்னா கிராஃபைட்.

மடிப்பு கலையாம பிளேடை ஏத்தி லிங்க்கை மாட்டுங்க. கொக்கி வளைஞ்சிருந்தாலோ பத்து இடத்துல தகடு லேசா நகர்ந்திருந்தாலோ புதுசுதான். தகட்டுல அச்சடிச்ச டிகிரியும் தாங்குற எடையும் பழசோட ஒத்துப்போகணும். சூடான காத்து ஓடுற டக்டுக்குன்னு உசந்த டிகிரி லிங்க்கும் உண்டு, பையில ரெண்டும் கலந்து கிடக்கும், கவனம்.

[காட்சி: ஆக்சுவேட்டர். தண்டு மேல மார்க்கர் கோடு போடுறாங்க.]

மோட்டார் டேம்பர்ல டெஸ்ட் பட்டனை அழுத்தினா ஸ்பிரிங் பொதுவா 20, 30 விநாடியில மூடிடும். திறக்க ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் ஆகும். பேனல்ல "மூடியது"ன்னு விளக்கு எரிஞ்சதும் கிளம்பிடாதீங்க. அந்த சிக்னல் பெரும்பாலும் ஆக்சுவேட்டர்ல இருந்து வருது, பிளேடுல இருந்து இல்லை. ஆக்சுவேட்டரைப் பிளேடோட தண்டுல பிடிக்கிற கிளாம்ப் தளர்ந்திருந்தா ஆக்சுவேட்டர் சுத்தும், பிளேடு அசையாது, பேனல் சந்தோஷமா இருக்கும். தண்டுக்கும் கிளாம்புக்கும் குறுக்கே மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. மூடின பிறகு கோடு ரெண்டா விலகியிருந்தா வழுக்குதுன்னு அர்த்தம். அப்பவும் டார்ச் அடிச்சுப் பிளேடைப் பாருங்க. கைப்பிடியால சுத்தித் திறந்து பூட்டி வெச்ச ஆக்சுவேட்டரும் அடிக்கடி கிடைக்கும், பூட்டை விடுவிச்சுடுங்க.

[காட்சி: போன்ல வரிசையா மூணு படம்.]

ஒவ்வொரு டேம்பருக்கும் எண், இடம், தேதி, என்ன கோளாறு, யார் சரிபண்ணாங்க, கூடவே மூணு போட்டோ: திறந்தது, மூடினது, மறுபடி திறந்தது. மூணாவது படம் இல்லாத டேம்பர் மூடியே கிடக்குதோ என்னமோ. ஃபேனை ஓடவிட்டு அந்தப் பக்க ரூம்ல காத்து வருதான்னு கிரில்லுல கை வெச்சுப் பாத்துட்டு, அப்புறமா சீலிங் பலகையை மூடுங்க.