ஒரு ரசிகர் வெளியிட்ட விவாகரத்து

நண்பர்களே, வணக்கம்.

பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்றதும் மிஸ்டர் பீனைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் கையில் வைத்திருக்கும் இந்த டிவிடியில் இருப்பது வேறு. 'ஜோக்கிங் அபார்ட்'. பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்... யாரும் இல்லை. சரி, வருத்தப்பட ஒன்றுமில்லை. இது ஒளிபரப்பானபோது பிரிட்டனிலேயே பெரிய கூட்டம் பார்க்கவில்லை.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். 'விளையாட்டுப் பேச்சு போதும், விஷயத்துக்கு வா' என்பதற்கு ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். ஆனால் 'அபார்ட்' என்ற சொல்லைத் தனியாக எடுத்தால் பிரிந்து, விலகி என்று பொருள். கதையும் அதுதான். ஜோக் அடித்து அடித்தே ஒருவன் மனைவியைத் தொலைக்கிறான்.

பிபிசி 2 அலைவரிசையில் 1993இல் ஆறு எபிசோட், 1995இல் இன்னொரு ஆறு. நடுவில் இரண்டு வருட இடைவெளி. முதல் ஆறைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதற்குள் மறந்திருப்பார்கள். எழுதியவர் ஸ்டீவன் மோஃபட். ஆமாம், பின்னாளில் 'ஷெர்லாக்' தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஸ்காட்லாந்துக்காரர், முன்பு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். 'ஜோக்கிங் அபார்ட்' எழுதுவதற்கு முன் 'பிரஸ் கேங்' என்று சிறுவர்களுக்கான ஒரு தொடரை எழுதிக்கொண்டிருந்தார். அதே சமயத்தில்தான் அவருடைய முதல் திருமணம் முறிந்துகொண்டிருந்தது.

அடுத்து என்ன எழுதலாம் என்று தயாரிப்பாளர் ஆண்ட்ரே ப்டாஷின்ஸ்கியைச் சந்திக்கப் போகிறார். கையில் இருந்த யோசனை, பள்ளிக்கூடத்தை வைத்து ஒரு சிட்காம், அதாவது நகைச்சுவைத் தொடர். ஆனால் பேச்சுவாக்கில் சொந்தக் கதை வெளியே வந்துவிட்டது. தன் மணமுறிவைப் பற்றி ஆவேசமாகப் பேசியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த தயாரிப்பாளர், பள்ளிக்கூடம் அப்புறம் இருக்கட்டும், இதையே எழுதுங்கள் என்றுவிட்டார். (அந்தப் பள்ளிக்கூட நகைச்சுவையை மோஃபட் விடவில்லை. 1997இல் 'சாக்' என்ற பெயரில் வந்தது.)

'ஜோக்கிங் அபார்ட்' நாயகன் மார்க் டெய்லர் ஒரு சிட்காம் எழுத்தாளர். நடித்தவர் ராபர்ட் பாத்தர்ஸ்ட். 'டவுன்டன் ஆபி' பார்த்தவர்களுக்கு இவரைத் தெரியும். எடித்தைத் திருமண நாளன்று தேவாலயத்திலேயே விட்டுவிட்டுப் போவாரே, அவர். ஒவ்வொரு எபிசோடிலும் மார்க் ஓர் இருட்டு மேடையில், மைக் முன்னால் நின்று பேசுகிறான். அந்த மேடை இருப்பது அவன் மண்டைக்குள் மட்டும்தான். அங்கிருந்து கதை பின்னால் போகும், முன்னால் வரும். மார்க்கும் மனைவி பெக்கியும் சந்தித்தது, சேர்ந்து வாழ்ந்தது, அவள் விட்டுப் போனது எல்லாம் வரிசை குலைந்து வரும். பெக்கியின் குறை ஒன்றுதான்: எதைச் சொன்னாலும் பதிலுக்கு இவன் ஒரு ஜோக் வைத்திருக்கிறான். இவன் சிரிக்க வைக்க ஒத்து ஊதும் ஆளாகத் தன்னை ஆக்கிவிட்டான் என்பது அவள் கோபம். நான் பெக்கி கட்சி. அதற்காக மார்க்கின் ஜோக்குகளுக்குச் சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. எழுத்தாளர் விரித்த வலை அதுதான்.

குறையும் இருக்கிறது. இவர்களுடைய நண்பனின் மனைவி டிரேசியை ஒன்றும் தெரியாத அசடாக எழுதியிருக்கிறார். டிரேசி பென்னட் நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனாலும் இன்று பார்க்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

இப்போது டிவிடிக்கு வருகிறேன். தொடர் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் இதைச் சீந்துவாரில்லை. ஒரு ரசிகருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தொழிலால் அவர் வீடியோ எடிட்டர். பிபிசியின் வணிகப் பிரிவுக்கு இதை வெளியிடும் எண்ணம் இல்லை என்று தெரிந்ததும், அவரே உரிமம் வாங்கி, 'ரீப்ளே டிவிடி' என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, 2006இல் முதல் பகுதியையும் 2008இல் இரண்டாம் பகுதியையும் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். நடிகர்களையும் எழுத்தாளரையும் பேச வைத்துப் பின்னணி உரையும் சேர்த்திருக்கிறார். இன்னொருவருடைய விவாகரத்துக்கு இத்தனை மெனக்கெட்ட மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். 'ரீப்ளே'. மார்க் செய்துகொண்டிருப்பதும் அதுதானே? எந்த இடத்தில் கெட்டுப்போனது என்று தேடி, முடிந்துபோன தன் கல்யாணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். தொலைக்காட்சியில் வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், வந்த வேகத்தில் போய்விடும். மூன்றாவது நிமிடத்தில் சும்மா வந்ததுபோல் வந்த ஒரு வார்த்தை இருபத்தைந்தாவது நிமிடத்தில் வெடிக்கும்போது, அது எங்கே வந்தது என்று பார்க்க வழியில்லை. டிவிடியில் நான் ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். இருக்கிறது! கண் முன்னாலேயே வைத்திருக்கிறார்.

மோஃபட்டின் அடுத்த கதை சந்தோஷமானது. 1996இல் எடின்பரோ தொலைக்காட்சி விழாவில் தயாரிப்பாளர் சூ வெர்ட்யூவைச் சந்தித்தார். திருமணமும் நடந்தது. 2000 மே மாதம் 'கப்ளிங்' என்ற அவருடைய அடுத்த நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. நாயகன் ஸ்டீவ், நாயகி சூசன். ஒளிவுமறைவே கிடையாது. எழுதியவர் கணவர், தயாரித்தவர் மனைவி, கம்பெனி மாமியாருடையது. மாமியார் பெரில் வெர்ட்யூ தொடங்கிய ஹார்ட்ஸ்வுட் நிறுவனத்தைத்தான் சொல்கிறேன். இந்த நிலையில் ஒரு மனிதர் ஆண்களின் அந்தரங்க அசட்டுத்தனங்களை 28 எபிசோட் எழுதினார் என்றால், அந்தத் துணிச்சலுக்கே ஒரு கைதட்டல் தரலாம்.

இதில் முதல் வருடத்திலேயே இரண்டு கதைகள் வீடியோ கேசட்டைச் சுற்றி நடக்கின்றன. ஒன்றில் ஸ்டீவிடம் இருக்கும் ஒரு கேசட் சூசன் கண்ணில் பட்டுவிடுகிறது. என்ன கேசட் என்பதை உங்கள் யூகத்துக்கு விடுகிறேன். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் அவன் அதற்கு நியாயம் பேச வேண்டியிருக்கிறது. இன்னொன்றில், தன் காதலிகளை எல்லாம் பதிவு செய்து கேசட்டாக அடுக்கிவைத்த நண்பன் பேட்ரிக்கின் அலமாரி.

எனக்குப் பிடித்தது ஸ்டீவின் நண்பன் ஜெஃப் வரும் கதை. மதுக்கடையில் ஓர் இஸ்ரேலியப் பெண்ணைச் சந்திக்கிறான். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, இவனுக்கு ஹீப்ரூ தெரியாது. அவள் சொன்ன ஒரு சொல்லை அவளுடைய பெயர் என்று நினைத்துக்கொள்கிறான். பாதியில் காட்சி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த முறை அவள் பேசுவது நமக்குப் புரிகிறது, ஜெஃப் பேசுவது புரியாத உளறலாகக் கேட்கிறது. அவன் பெயர் என்று நினைத்தது உடம்பின் ஒரு பாகம்! 2002இல் ஸ்டீவும் சூசனும் பிரியும் கதையில் திரையையே இரண்டாகப் பிளந்துவிட்டார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில், தனித்தனியே. எந்தப் பாதியைப் பார்ப்பது? ஒரே முறையில் பார்த்து முடிக்க முடியாத எபிசோட் அது.

அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி இதை 2003இல் மறுபடி எடுத்தது. நான்கு எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. 'ஜோக்கிங் அபார்ட்' டிவிடி வந்த அடுத்த வருடம், 2007இல், 'டாக்டர் ஹூ' என்ற காலப்பயணத் தொடருக்கு 'பிளிங்க்' என்ற எபிசோடை மோஃபட் எழுதினார். 1969இல் மாட்டிக்கொண்ட டாக்டர் (தொடரின் நாயகன்), எதிர்காலத்தில் இருக்கும் சாலி என்ற பெண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். 17 டிவிடிகளில், மறைவாக ஒளித்து வைத்த ஒரு சின்னக் காட்சியில் அவர் பேசுகிறார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத 17 படங்கள். ஏன் இவை மட்டும் என்று டிவிடிக் கடையில் வேலை செய்யும் பையன் தலையைப் பிய்த்துக்கொள்கிறான். பட்டியலைச் சாலி வாங்கிப் பார்க்கிறாள். அத்தனையும் அவள் வீட்டில் இருப்பவை. அவளிடம் மொத்தமே அந்த 17தான்.