எட்டுச் சரிவுக் கூரையும் நம் கோயில் சுவரும்

தலைமை வகிக்கும் போதகர் ஐயா அவர்களே, நடவு வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பந்தலுக்கு இடம் கொடுத்த அரிசி மில் ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே! பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன பண்டிகையில் ஒருவரை விட்டுவிட்டு ஆறு மாதம் பேச்சு வாங்கினேன்.

பழைய மெதடிஸ்ட் கோயில்களின் வரலாறு, கட்டடம், பாட்டு என்று மூன்றையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரி.

இங்கிலாந்தின் யார்க்‌ஷரில், மலைமேல் ஹெப்டன்ஸ்டால் என்றொரு கிராமம். கைத்தறிக்காரர்கள் ஊர். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியைப் பின்பற்றிய ஜனங்கள் 1764-இல் அங்கே எண்கோணமாய் ஒரு ஜெப வீடு கட்டினார்கள். மூலை இருந்தால் பிசாசு ஒளிந்துகொள்ளும், அதனால்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வெஸ்லி சொன்ன காரணம் வேறு: பேசுகிறவர் குரலுக்கு அந்த வடிவம்தான் தோது. மைக்செட்டா இருந்தது?

சுவர் எழும்பியது. கூரை ஏறுமுன்னே வெஸ்லி வந்து, அந்த மொட்டைச் சுவர்களுக்குள் நின்று பிரசங்கம் பண்ணிவிட்டார். கூரைதான் பெரும்பாடு. எட்டுச் சரிவும் இசைந்து நிற்க வேண்டுமே! ராதர்ஹாம் என்ற ஊரில் எண்கோணக் கோயிலுக்குக் கூரை போட்டவரையே பிடித்தார்கள். அவர் அங்கேயே மரம் இழைத்து, துண்டு துண்டாகப் பொதிக்குதிரைகளில் ஏற்றி அனுப்பினார். ஹெப்டன்ஸ்டால் ஏறும் கல்பாதையில் வெறுங்கையோடு போகிறவனுக்கே மூச்சு வாங்கும். முதுகில் மரத்தோடு குதிரை சறுக்கினால்? முன்னே ஒருவர் கடிவாளம் பிடிக்க, பின்னே நாலு பேர் தாங்க, இன்னொருவர் அதட்ட... நம் ஊரில் அதட்டத்தான் ஆள் அதிகம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்!

1802-இல் இடம் போதவில்லை. இடித்தார்களா? ஒரு பக்கச் சுவரை மட்டும் பிரித்து, தள்ளிக் கட்டி நீட்டினார்கள். எட்டுப் பக்கமும் எட்டாகவே இருக்கிறது. அதற்குப் பிறகும் இருநூறு வருஷத்துக்கு மேல் அங்கே ஆராதனை நடந்து வந்தது.

நம் கோயிலும் வெஸ்லியன் மிஷன் கட்டியதுதான். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தது. அதை இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறார்கள். தெற்குச் சுவரைத் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று கேட்கும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினோம். உள்ளே இறங்கிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லை, பூச்சு அப்பளமாய் உரிகிறது. குற்றம் பூச்சில், சுவரில் இல்லை. இடிக்க வேண்டாம், சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுவோம்.

போதகர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். பாட்டு அடுத்த பண்டிகைக்கு. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்றேனே, சுண்ணாம்புச் சாந்தில் சேர்க்கிற கடுக்காயும் வெல்லமும் என் செலவு. சுண்ணாம்பு அரைக்க ஆள் வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணி, கோயில் வேப்பமரத்தடி.