கப்பலைக் கரை சேர்ப்பது ஒத்துழைப்பே!

நடுவர் அவர்களே, மேடையில் இருக்கும் இரு அணி நண்பர்களே, வீட்டு வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் புதுச்சேரிப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இயற்கை எரிவாயு தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வழி சந்தைச் சீர்திருத்தமா, நாடுகளின் ஒத்துழைப்பா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் சந்தைக்காக நன்றாக வாதாடினார். 2020 ஜூனில் எரிவாயுவுக்கென்றே தனிச் சந்தை தொடங்கியதைச் சொன்னார். 2023 ஏப்ரல் முதல் குழாய்க் கட்டணம் சீரானதைச் சொன்னார். இரண்டும் நல்ல காரியங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் சந்தையில் விற்பதற்கு முதலில் சரக்கு வந்து சேர வேண்டுமே! நாடு பயன்படுத்தும் எரிவாயுவில் ஏறத்தாழ பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. என் வாதம் அந்தப் பாதியைப் பற்றியது.

காரைக்கால்காரர்களுக்குத் திருமலைராயன்பட்டினம் மின்நிலையம் தெரியும். 32.5 மெகாவாட். நரிமணம் பக்கம் எடுக்கிற வாயு குழாயில் வந்து அங்கே மின்சாரமாகிறது. கப்பல் வேண்டாம், எந்த நாட்டின் தயவும் வேண்டாம்.

எண்ணூர் கதை வேறு. 2019-இல் திறக்கப்பட்ட அங்குள்ள எரிவாயு இறக்குமதி முனையத்துக்கு வாயு கடல் கடந்து வருகிறது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினால் வாயு சுமார் 600 மடங்கு சுருங்குகிறது; அப்போதுதான் கப்பலில் ஏற்ற முடியும். எவ்வளவு கட்டிக் காத்தாலும் வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருக்கும். நெல் மூட்டை மாதிரி அடுக்கிவைத்து, விலை ஏறட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது. அதைத் திரவமாக்கும் ஆலையைக் கட்டப் பல்லாயிரம் கோடி ஆகும். இருபது வருடம் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் கையெழுத்துப் போடாமல் அந்தப் பணத்தை யார் போடுவார்கள்? இந்தத் தொழிலின் அடித்தளமே அந்தக் கையெழுத்துதான்.

சரி, 2022-க்கு வருவோம். உக்ரைன் போர் மூண்டது. ரஷ்யக் குழாய் வாயு குறையக் குறைய, ஐரோப்பா எந்த விலைக்கும் கப்பல்களை வாங்க ஆரம்பித்தது. சந்தை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது: பணம் அதிகம் கொடுத்தவன் கரைக்குக் கப்பலைத் திருப்பிவிட்டது. நம் அக்கம்பக்கத்தில் என்ன ஆனது? அந்த ஜூலையில் பாகிஸ்தான் டெண்டர் விட்டது. விற்கிறேன் என்று ஒருவர்கூட வரவில்லை. வங்கதேசம் விலையைப் பார்த்து உடனடிச் சந்தையில், அதாவது நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் அன்றைய விலைக்கு, வாங்குவதையே நிறுத்தியது, அங்கே மின்வெட்டு. அதற்கு முன்பே பாகிஸ்தானோடு ஒப்பந்தம் போட்டிருந்த வெளிநாட்டு வணிக நிறுவனங்களும் சில கப்பல்களுக்குக் கைவிரித்திருந்தன. அரசோடு அரசு பேசிப் போட்ட கத்தார் ஒப்பந்தத்தின் கப்பல்கள் வந்தன. அந்த வித்தியாசத்தைத்தான் நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுக்கும் அடி விழுந்தது. ரஷ்ய நிறுவனத்தின் ஜெர்மன் கிளை நமக்கு அனுப்ப வேண்டிய சரக்கு 2022 நடுவில் நின்றது. "பார்த்தீர்களா, உங்கள் ஒப்பந்தம் காற்றில் பறந்தது" என்றார் அண்ணன். உண்மைதான். ஏன் பறந்தது என்பதை ஏன் விட்டுவிட்டார்? ரஷ்யாவும் ஜெர்மனியும் முறைத்துக்கொண்டதால்! நாடுகளின் ஒத்துழைப்பு முறிந்தால் சந்தை ஒப்பந்தமும் சேர்ந்தே முறிகிறது. துர்க்மெனிஸ்தானிலிருந்து குழாய் கொண்டுவர 2010-இல் ஒப்பந்தம் போட்டும் இன்னும் வாயு வரவில்லை என்றார். அதற்கும் இதே பதில்தான். வழியில் இருக்கும் நாடுகளில் அமைதியும் நம்பிக்கையும் இல்லாதபோது எந்த விலைச் சீர்திருத்தம் குழாய் பதிக்கும்?

இப்போது என் முக்கியமான சாட்சி. கத்தாரோடு ஆண்டுக்கு 75 லட்சம் டன் திரவ வாயுவுக்கு ஒப்பந்தம். குஜராத்தின் தாஹேஜ் முனையத்துக்கு 2004-இல் 50 லட்சம் டன் என்ற அளவில் வரத் தொடங்கி, பிறகு முழு அளவை எட்டியது. 2015-இல் உலகச் சந்தையில் விலை சரிந்தது. நம் ஒப்பந்த விலை மட்டும் உச்சத்தில் நின்றது. நாம் குறைத்து வாங்கினோம். ஒப்பந்தப்படி சுமார் 12,000 கோடி ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். பேசினோம். கத்தார் அபராதத்தைத் தள்ளுபடி செய்தது. விலைக் கணக்கையே மாற்றிக்கொண்டது. விலை ஏறத்தாழப் பாதியானது. பதிலுக்கு நாம் கூடுதலாக 10 லட்சம் டன் வாங்க ஒப்புக்கொண்டோம். சந்தை விலை சரிந்ததால்தானே பேச்சே வந்தது என்று எதிரணி கேட்கும். ஆமாம், காரணம் சந்தைதான். ஆனால் கையெழுத்தான ஒப்பந்தத்தைத் திருத்தச் சம்மதிக்கும் மனசு எந்த விலைப்பட்டியலில் இருக்கிறது? அந்த உறவு நின்றதால்தான் 2024 பிப்ரவரியில், 2028-லிருந்து இன்னும் இருபது வருடத்துக்கு அதே 75 லட்சம் டன்னுக்குக் கையெழுத்தானது.

இன்னொன்று. சரக்கை வாங்கியவர் கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பக் கூடாது என்று பழைய ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருக்கும். அதைத் தளர்த்துவது எதிரணி கொண்டாடும் சந்தைச் சீர்திருத்தம். அதற்காக 2017-இல் இந்தியாவும் ஜப்பானும் கைகோத்து உடன்பாடு போட்டன. வாங்குகிற நாடுகள் ஒன்றாக நின்று கேட்டால்தான் அந்தச் சீர்திருத்தமே நடக்கும்!

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். டெண்டர் விட்டும் ஒருவர்கூட வராத அந்த 2022 ஜூலையில், எந்தச் சந்தைச் சீர்திருத்தம் பாகிஸ்தானுக்கு ஒரு கப்பலைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும்? அதை மட்டும் இந்த மேடையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.