ஒரே ஒரு பெயரில்லாத கமிட், இரண்டு ராத்திரி போச்சு!

வணக்கம் நண்பர்களே. முகத்தைப் பார்த்தாலே தெரியும், தூங்கவில்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன். கோடில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவி இருக்கிறதே, அதில் பழைய சப்வெர்ஷனை (சுருக்கமாக எஸ்விஎன்) விட்டு நம் ப்ராஜெக்ட் கிட்டுக்கு (Git) வந்தாச்சு! "கிட் 2005இலேயே வந்துவிட்டதே, இத்தனை நாள் என்ன செய்தாய்" என்று கேட்காதீர்கள். ஜிசிசி கம்பைலர் போன்ற பெரிய ப்ராஜெக்டே 2020 ஜனவரியில்தான் மாறியது. நான் எந்த மூலை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிட்-எஸ்விஎன் கருவி பழைய கமிட்களை, அதாவது பதிந்து வைத்த மாற்றங்களை, ஒவ்வொன்றாக எடுத்துக் கிட்டில் போடும். சப்வெர்ஷனில் இருப்பது வெறும் யூசர்நேம். கிட்டுக்குப் பெயரும் வேண்டும், மின்னஞ்சலும் வேண்டும். அதனால் யார் யார் என்று ஒரு ஆதர்ஸ் ஃபைல் எழுதித் தர வேண்டும். அதில் இல்லாத பெயர் ஒன்று வந்தால் போதும், வேலை அப்படியே நின்றுவிடும்.

நின்றது! ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் பாதி வழியில் நிற்கிறது. யார் அந்த மகான் தெரியுமா? "நோ ஆதர்". என்றைக்கோ யாரோ லாகின் இல்லாமல் போட்ட கமிட். எழுத்துப்பிழை திருத்தம், ஒரே ஒரு வரி! கோபத்தில் ஃபோல்டரையே அழித்தேன், ஃபைலில் அந்தப் பெயரைச் சேர்த்தேன், முதலிலிருந்து ஓடவிட்டேன். மறுநாள் காலை அதே இடத்தில் அதே பிழை. ஏன்? அந்தப் பெயரை அடைப்புக்குறியோடு எழுத வேண்டுமாம். அடைப்புக்குறி! இதில் கொடுமை என்னவென்றால், அழித்திருக்கவே வேண்டாம். ஃபைலைத் திருத்திவிட்டு அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தானே தொடரும்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். பெயர்ப் பட்டியலை என்னைப் போல ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். எஸ்விஎன் லாக்கை, அதாவது பழைய கமிட் பட்டியலை, எடுத்தாலே எல்லாப் பெயரும் வந்துவிடும், இந்த மகான் உட்பட.

அப்புறம், ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் பழைய ரிவிஷன் எண் ஒரு வரியாக ஒட்டிக்கொண்டு வரும். அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்பார்கள். நான் எடுக்க மாட்டேன். "ஆர் 1830இல் உடைந்தது" என்று பழைய பக் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதே, எண்ணுக்குப் பதிலாகக் கிட் தரும் நாற்பது எழுத்து அடையாளத்தை, அந்த ஹாஷை, வைத்து அதை எப்படித் தேடுவது? எல்எல்விஎம் என்ற கம்பைலர் ப்ராஜெக்ட் ஆட்களும் அந்த எண்களை வைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

டெஸ்ட்கள் கொஞ்சம் உடைந்தன. காலி ஃபோல்டரைக் கிட் கண்டுகொள்ளாது. உள்ளே ஒரு சின்ன ஃபைல் போட்டதும் சரியாகிவிட்டது. டேக் எல்லாம், அதாவது குறிப்பிட்ட கமிட்டுக்கு வைத்த அடையாளப் பெயர்கள், பிராஞ்சாக (தனிக் கிளையாக) வந்து நிற்கின்றன, அதை நாளைக்குப் பார்க்கிறேன்.

ஆ, முக்கியமானது! மாற்றத் தொடங்கும் முன்பே பழைய சர்வரில் கமிட்டைப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் யாராவது எதையாவது போட்டுவிடுவார்கள். நான் ஹூக் (கமிட் வரும்போது தானே ஓடும் சின்ன ஸ்கிரிப்ட்) எழுதி, "இங்கே கமிட் கிடையாது, கிட்டுக்குப் போ" என்று செய்தியும் வைத்தேன். அதில் முதலில் மாட்டியது யார் என்கிறீர்கள்? இன்று காலை, பழைய பழக்கத்தில், நான்தான்.