பிள்ளையின் கல்லூரி: சொந்த மாநிலத்திலேயே இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெற்றோரே, அடுத்த இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குப் போகவிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளின் இளநிலைப் படிப்புக்கு ஏற்றது சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகமா, வெளி மாநில அரசுப் பல்கலைக்கழகமா என்பது தலைப்பு. எதிரணியினர் மூன்றைச் சொன்னார்கள்: பெரிய பெயர், மெரிட் ஸ்காலர்ஷிப் (மதிப்பெண்ணுக்காகக் கல்லூரி தரும் உதவித்தொகை), தனியே வாழும் பழக்கம். நான் சொந்த மாநிலத்தின் பக்கம் நிற்கிறேன். ஏனென்றால் கட்டணம், இடம், கிரெடிட் (முடித்த பாடங்களுக்குப் பட்டப்படிப்பில் கிடைக்கும் கணக்கு) ஆகிய மூன்றிலும் விதிகள் உங்கள் பிள்ளைக்குச் சாதகமாக எழுதப்பட்டிருப்பது அங்கேதான்.

கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யூ.சி.) 2025-26இல் சேர்ந்த வெளி மாநில மாணவர், வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,602 டாலர் கூடுதலாகக் கட்டுகிறார். நான்கு ஆண்டுக்கு 1,50,408 டாலர். விடுதியும் சாப்பாடும் விமானச் சீட்டும் இதில் சேரவில்லை. அதே வகுப்பு, அதே பேராசிரியர், அதே பட்டம். வீட்டு முகவரி மட்டும் வேறு.

கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு மத்திய அரசு தரும் நேரடிக் கடன் முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாம் ஆண்டில் 6,500, மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் 7,500 வீதம். மொத்தம் 27,000தான். மிச்சத்துக்குப் பெற்றோர் பேரில் வாங்கும் பிளஸ் கடனுக்கும் இப்போது அணை போட்டுவிட்டார்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தத்தில் 65,000 டாலர். முதலாண்டின் 5,500ஐயும் இந்த 20,000ஐயும் கூட்டினால் 25,500. அந்தக் கூடுதல் கட்டணத்துக்கே அது எட்டாது! அதற்குப் பிறகு தனியார் வங்கிக் கடன்தான். அதில் பெற்றோர் ஒருவர் இணைக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த பணத்தில் கை வைக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

“ஒரு வருஷம் இருந்தால் பிள்ளை அந்த மாநிலவாசி ஆகிவிடுவான்” என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. இது தவறு, இதை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் இரண்டாம் ஆண்டில் தவிக்கிறார்கள். 12 மாதம் தங்கியிருப்பது ஒரு நிபந்தனை மட்டுமே. படிப்பதற்காக வந்து தங்கிய காலத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதோடு, உங்கள் வருமான வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டினால், பெரும்பாலும் உங்கள் மாநிலம்தான் பிள்ளையின் மாநிலம். கல்லூரி இருக்கும் மாநிலத்தில் ஓட்டுநர் உரிமம் எடுத்தாலும் வாக்காளராகப் பதிந்தாலும் மட்டும் அது மாறுவதில்லை.

மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு வருகிறேன். கடிதத்தில் பெரிய தொகை இருக்கும். அதன் கீழே உள்ள புதுப்பிப்பு நிபந்தனையைப் படியுங்கள். பெரும்பாலும் 3.0 அல்லது அதற்கு மேல் ஜி.பி.ஏ. (4.0 அளவில் சராசரி மதிப்பெண்) வேண்டும், எட்டு செமஸ்டருக்கு மட்டுமே தருவார்கள். பொறியியலில் முதலாண்டு கால்குலஸும் வேதியியலும் சேர்ந்து அந்த ஜி.பி.ஏ.வைக் கீழே இழுத்துவிடும். தொகை டாலரில் நிலையாக இருந்து கட்டணம் ஆண்டுதோறும் ஏறினால் அந்த ஏற்றம் முழுவதும் உங்கள் தலையில். மேஜர் (முதன்மைப் பாடம்) மாற்றி ஒன்பதாவது செமஸ்டர் போனால் அது முழு விலையில்.

உதவித்தொகை சொந்த மாநிலத்தில் இல்லையா? புளோரிடாவில் பிரைட் ஃபியூச்சர்ஸ் என்ற மாநில உதவித்தொகையின் முதல் நிலை, அரசுப் பல்கலைக்கழகக் கல்விக் கட்டணம் முழுவதையும் தருகிறது. ஜார்ஜியாவில் ஹோப், ஜெல் மில்லர் என்ற உதவித்தொகைகள் இருக்கின்றன. மாநில எல்லையைத் தாண்டிச் சேர்ந்த அன்றே பிள்ளை இவற்றைக் கைவிடுகிறது.

இடங்களும் அப்படித்தான். டெக்சாஸில் பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வந்தால் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து இந்த அளவு. மேஜர் உறுதியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரியில்) படித்து, குறித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டினால், ஆறு யூ.சி. வளாகங்களில் மாறுதல் சேர்க்கைக்கு உத்தரவாதம் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அதில் இல்லை.

பலரும் கவனிக்காதது கிரெடிட். நம் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியிலேயே, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் டூயல் கிரெடிட் பாடங்களை அள்ளி எடுக்கிறார்கள். டெக்சாஸில் 42 கிரெடிட் கொண்ட அடிப்படைப் பாடத்திட்டத்தை முடித்தால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை மொத்தமாக ஏற்க வேண்டும். இல்லினாயில், பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடத்துக்கு எழுதும் ஏ.பி. தேர்வில் 5க்கு 3 எடுத்தாலே அரசுப் பல்கலைக்கழகம் கிரெடிட் தர வேண்டும் என்பது சட்டம். எல்லை தாண்டினால் இந்த உரிமை போய், ஒவ்வொரு துறையின் விருப்பமாகிவிடுகிறது. “எலெக்டிவ்” (விருப்பப் பாடம்) என்று எழுதிக் கொடுத்தால் கிரெடிட் எண்ணிக்கை கூடும், பட்டத்துக்கு வேண்டிய பாடம் குறையாது.

இந்த அவையில் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் பலர் இருப்பீர்கள். இதை உங்களுக்காகவே சொல்கிறேன். எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசின் பெல் உதவியும் (குறைந்த வருமானக் குடும்பத்து மாணவருக்கான உதவித்தொகை) கிடையாது, நேரடிக் கடனும் கிடையாது. வெளி மாநிலக் கட்டணம் முழுவதும் கைப்பணம். பல மாநிலங்களில் எச்-4 பிள்ளை உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். ஆனால் 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறும்போது சில இடங்களில் அந்தத் தகுதி போய்விடுகிறது. அதனால் சேருவதற்கு முன்பே மாணவர் எந்த மாநிலவாசி என்று முடிவுசெய்யும் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, “விசா எஃப்-1 ஆனால் கட்டண வகை மாறுமா?” என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கேட்ட பதில் பிறகு உதவாது.

தனியே வாழும் பழக்கமா? சான் டியாகோ பிள்ளை பெர்க்லியில் சேர்ந்தால் வீடு ஏறக்குறைய 500 மைல் தள்ளி. துணி துவைக்க யாரும் வரப்போவதில்லை. ஆனால் சொந்த மாநிலத்துக்குள் இருப்பதால் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கைவிடாது. உங்கள் காப்பீடு எச்.எம்.ஓ. வகையாக (குறிப்பிட்ட மருத்துவர்களிடம் மட்டுமே செல்லும் வகை) இருந்தால், வெளி மாநிலத்தில் அவசர சிகிச்சை தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் பணம் தராது. கல்லூரியின் மாணவர் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டிவரும்.

ஓரிடத்தில் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். மேற்கு மாநிலங்கள் கட்டணச் சலுகைக்காகச் செய்துகொண்ட டபிள்யூ.யூ.இ. ஒப்பந்தத்தில் வெளி மாநில மாணவருக்கு உள்மாநிலக் கட்டணத்தில் அதிகபட்சம் 150 சதவீதம்தான். சொந்த மாநிலத்தில் அந்தப் படிப்பே இல்லையென்றால் தாராளமாகப் போகட்டும். அதிலும் எந்த மேஜருக்குப் பொருந்தும், எத்தனை இடம், தனி விண்ணப்பம் உண்டா என்று பார்த்த பிறகுதான்.

பெற்றோரே, சேரும் கல்லூரியை உறுதிசெய்ய வழக்கமான கடைசி நாளான மே 1க்கு முன்னால் ஓர் இரவு உட்காருங்கள். இரண்டு கல்லூரிகளின் நெட் பிரைஸ் கால்குலேட்டரையும் (உதவித்தொகை கழித்து உண்மையில் ஆகும் செலவை மதிப்பிடும் இணையக் கருவி) போட்டு, நான்கு ஆண்டுக்கும் பெருக்கி, பொறியியலுக்கோ வணிகவியலுக்கோ தனிக் கட்டணம் உண்டா என்று தேடிச் சேர்த்து, அந்தத் தாளைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அவர்களும் பார்க்க வேண்டிய கணக்கு அது. நன்றி, வணக்கம்.