சாவி இருந்த பணப்பை

நேயர்களுக்கு வணக்கம். அலுவலகத்துப் பேனா சட்டைப் பையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது, யாருக்கும் உறுத்துவதில்லை. அதே பேனாவின் விலையை அலுவலகப் பணப்பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், கை கூசும். நட்டம் ஒன்றுதான். நாம் கோடு போடுவது நட்டத்தை அளந்து அல்ல; "நான் திருடன்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டி வருமே, அந்த இடத்தில்தான்.

2019-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகள். ஆய்வாளர் ஒருவர் வங்கிக்கோ ஓட்டலுக்கோ தபால் அலுவலகத்துக்கோ போவார். "தெருவில் கிடந்தது, எனக்கு அவசரம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மேஜையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பை அது. விசிட்டிங் கார்டு, மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சிலவற்றில் பணமும்.

பணம் கூடினால் அமுக்குகிறவர்களும் கூடுவார்கள் என்றுதானே நினைப்போம்? ஊகிக்கச் சொன்னபோது பொதுமக்களும் அப்படித்தான் சொன்னார்கள். நடந்தது தலைகீழ். பணமில்லாத பைகளில் 100-க்கு 40-க்குத்தான் உரியவருக்குத் தகவல் போனது. பணமிருந்தவற்றில் 51. மூன்று நாடுகளில் தொகையை ஏழு மடங்காக்கிப் பார்த்தார்கள், 72! வெறும் பையை இழுப்பறையில் போட்டு மறந்தால் சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம். பணத்தோடு மறந்தால் அதற்குப் பெயர் வேறு. (உலகம் நல்லவர்களால் நிரம்பியது என்று உடனே மகிழ வேண்டாம்; அந்த 51 போக மீதி 49 இருக்கிறது.)

எனக்குப் பிடித்தது சாவி விஷயம். சாவி இல்லாத பைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். சாவி இருந்தவையே அதிகம் திரும்பின. எடுத்தவருக்கு அந்தச் சாவியால் ஒரு பைசா பயனில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் ஒருவர் நிற்பாரே என்ற நினைப்புதான் அங்கே வேலை செய்திருக்க வேண்டும்.

அலுவலகப் பேனாவைத் தேடிக்கொண்டு அப்படி யாரும் நிற்பதில்லை. சிறு வியாபாரி சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் கூப்பிட்டுத் திருப்பித் தருகிற அதே ஆள், பெரிய கடையின் பில்லில் ஒரு பொருள் விட்டுப்போனால் "அவனுக்கு என்ன குறை" என்று நடந்துவிடுகிறார். அவரிடம், "கணக்கு உதைத்தால் கல்லாவில் இருக்கிற பெண்ணின் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்னவோ" என்று சொல்லிப் பாருங்கள். தொகை அதேதான். முணுமுணுத்துக்கொண்டாவது பாதி வழியில் திரும்பிப் போவார்.