ஊர்ப்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

‘எனக்கு வேண்டிய இடம்’ என்ற தலைப்பில், உங்கள் ஊரில் உங்கள் மனதுக்கு நெருக்கமான இடத்தின் படத்தை அருங்காட்சியகம் உங்களிடம் கேட்கிறது. கேட்டவுடன் பலருக்கும் கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலைதான் நினைவுக்கு வரும். அந்தச் சிலையை உலகமே படம் எடுத்து வைத்திருக்கிறது. நீங்கள் நீந்திப் பழகிய குளத்துப் படித்துறையையும், உங்கள் கடப்புறத்தில் வலை உலர்த்தும் திட்டையும் உங்களை விட்டால் யார் எடுப்பார்கள்?

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி நம் குமரி மாவட்டத்து மணக்குடிப் பாலத்தை உடைத்துக்கொண்டு போனது. உடைந்துபோன அந்தப் பாலம் யாருடைய வீட்டு ஆல்பத்திலாவது, ஒரு குடும்பப் படத்தின் பின்னால் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம். எடுத்தவர் பாலத்துக்காக எடுத்திருக்க மாட்டார். ஆனாலும் அது நமக்குப் பொக்கிஷம். அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன், போர்ட்ரெய்ட் மோடில் எடுக்காதீர்கள். அது முகத்தை வைத்துக்கொண்டு இடத்தை மங்கலாக்கிவிடும். குறுக்கே போகிற கரண்ட் கம்பி அசிங்கமாக இருக்கிறதென்று ஆப் வைத்து அழிக்கவும் வேண்டாம். 50 வருடம் கழித்துப் பார்க்கிறவருக்குக் காலத்தைச் சொல்வது அந்தக் கம்பிதான்.

தோவாளைப் பூ மார்க்கெட்டை நிறையப் பேர் எடுப்பீர்கள். விடியுமுன் போனால் சுற்றிலும் இருட்டு, பல்புக்குக் கீழே பிச்சிப்பூக் குவியல். இருட்டைப் பார்த்த செல்போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பூ வெறும் வெள்ளைத் திட்டாகிப்போகும், ஓர் இதழ்கூடத் தெரியாது. திரையில் பூவின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றே கீழே இழுங்கள். நிழல் கொஞ்சம் கறுத்தால் பரவாயில்லை, பிறகு எடிட் செய்யும்போது வெளிச்சம் கூட்டிக்கொள்ளலாம். வெளுத்துப்போன இதழை யாராலும் மீட்க முடியாது. சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, அந்த விளக்குகள் 100 தடவை துடிக்கும். அளவுகளை நாமே மாற்றக்கூடிய புரோ மோடில் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் பட்டை மறையும்.

முட்டத்திலோ குளச்சலிலோ கடலோரத்தில் எடுத்தால் லென்ஸில் உப்பு படியும். அதை வேட்டி நுனியால் தேய்த்தால் மணல் துகள் கீறிவிடும். முதலில் துகளை ஊதிப் போக்கி, நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றுங்கள்.

நல்ல படங்கள் பாழாவது அனுப்பும்போதுதான். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் உதிர்ந்துபோகும். 12 அங்குல அகலத்தில் துல்லியமாக அச்சிட 3,600 பிக்சல் வேண்டும். ஆகவே ‘டாக்குமெண்ட்’ ஆகவே அனுப்புங்கள்.

கூடவே நாலு வரி எழுதுங்கள். ‘பூ மார்க்கெட்’ என்று மட்டும் எழுதினால் எந்த ஊர், எந்த வருடம் என்று பின்னால் வருகிறவர் திண்டாடுவார். ஊர், தேதி, நேரம், அங்கே என்ன வேலை நடக்கிறது, உங்களுக்கு அது ஏன் வேண்டிய இடம் என்பதெல்லாம் இருக்கட்டும். முகம் தெரிகிறவரிடம் சம்மதம் கேளுங்கள். பூக் கட்டும் அம்மா வேண்டாம் என்றால், அவர் கையை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் பழைய படம் இருந்தால் ஒட்டுப் பக்கத்திலிருந்து பிய்க்காதீர்கள், மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அப்போதே திருப்பித் தருகிறோம்.